வாசலைத் தாண்டாத தூசு

லியாண்ட்ரோ அபெய்தா மரபணுச் சோதனைக்காக ஒரு குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பினான். ஆறு வாரம் கழித்து யூதன் ஆகிவிட்டான். முழு யூதன் இல்லை, நூற்றுக்குப் பதினொன்று. ஆனால் அவன் குதித்த குதியைப் பார்த்தால் பாக்கி எண்பத்தொன்பதும் அடுத்த தபாலில் வருகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். டென்வரில் காப்பீட்டு ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன், பொழுது போகவேண்டுமே. மாதாகோயில் பதிவேடுகளைத் தோண்டினான். ஸ்பெயினிலிருந்து மெக்சிகோ, மெக்சிகோவிலிருந்து இந்த மோரா பள்ளத்தாக்கு என்று எட்டுத் தலைமுறையைப் பிடித்துவிட்டான். டிசம்பரில் யூதர்களின் ஹனுக்கா விளக்குப் பண்டிகைக்குப் பூர்வீக வீட்டில் எல்லோரும் கூடிக் கொண்டாடுவது என்று அவனே முடிவும் செய்தான்.

பூர்வீக வீட்டில் இருந்தது அவன் அண்ணன் எலிசெயோவும் அண்ணி ஒத்திலியாவும். ஆக முடிவு செய்தது லியாண்ட்ரோ, வீட்டைக் கூட்டியது ஒத்திலியா.

கூட்டுவதென்றால் அந்த வீட்டில் லேசான காரியம் இல்லை. ஊரில் மற்றவர்கள் தூசை வாசல் வழியாக வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். இங்கே வாசலில் ஆரம்பித்து உள்ளே பார்த்துக் கூட்டிவர வேண்டும். அறை நடுவில் குவித்து, குப்பை முறத்தில் அள்ளி, அடுப்பில் போட வேண்டும். ஒரு துரும்பு நிலைப்படியைத் தாண்டக் கூடாது. மெக்சிகோவின் சிவாவாவிலிருந்து வாழவந்த மூன்றாம் நாள் இது தெரியாமல் ஒத்திலியா தூசை வெளியே தள்ளப் போனாள். மாமியார் டோமித்திலா பாய்ந்து வந்து துடைப்பத்தைப் பிடுங்கினாள்.

"எங்க வீட்டுல அப்படிப் பண்ண மாட்டோம்!"

"ஏன் அத்தை?"

"ஏன்னு கேக்காதே. செய்."

எலிசெயோ இதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்து முடித்தான். அவன் அப்படித்தான்.

அதன் பிறகு இருபத்தெட்டு வருஷம். முட்டையைக் கண்ணாடி டம்ளரில் உடைத்து வெளிச்சத்தில் பார், ரத்தப் பொட்டு இருந்தால் கொட்டு. மாவு பிசைந்தால் ஒரு கிள்ளு கிள்ளி நெருப்பில் போடு. பன்றிக்கறி என் வயிற்றுக்கு ஆகாது, வாங்காதே. ஒவ்வொன்றுக்கும் ஒரு அதட்டல், ஒவ்வொரு அதட்டலிலும் அந்த 'எங்க வீட்டுல'. அப்படியென்றால் உன் வீடு இல்லை என்றுதான் ஒத்திலியாவின் காதில் விழுந்தது. மாமியாரின் சொந்த மகள் ப்ரீஸ்காவுக்கோ இதில் ஒன்றும் கிடையாது. அவளுக்குத் தூசு ஆகாது, மூச்சு இழுக்கும் என்று கிழவி அவளைத் துடைப்பம் தொடவே விடவில்லை. கட்டிக்கொண்டு வந்தவள் வேலைக்காரி, பெற்றெடுத்த மகள் மகாராணி என்று ஒத்திலியா அன்றே கணக்குப் போட்டுவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டோமித்திலா செத்துப்போனாள். அடக்கம் முடிந்த மறுநாள் ஒத்திலியா துடைப்பத்தை எடுத்தாள். இன்றைக்காவது எல்லாத் தூசையும் வாசலுக்கு வெளியே தள்ளி, அதன் மேல் காறித் துப்புவது என்று இருந்தாள். நிலைப்படி வரைக்கும் தள்ளினாள். அங்கே கை நின்றுவிட்டது. தன்மேலேயே ஆத்திரப்பட்டுக்கொண்டு தூசை மறுபடி நடு அறைக்குக் கொண்டுவந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: இத்தனை வருஷம் நான் இந்த வீட்டுக்கு என்னவாக இருந்தேன் என்று யாராவது சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஆள் செத்துவிட்டாள்.

ஹனுக்கா ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே லியாண்ட்ரோ காரில் வந்து இறங்கினான். ஒன்பது மெழுகுவத்தி ஏற்றும் விளக்கு, ஆளுக்கொரு வட்டத் தொப்பி, அப்புறம் கதவளவு ஒரு அட்டை. அட்டையில் குடும்ப மரம் அச்சாகியிருந்தது. அதைச் சுவரில் மாட்டச் சொல்லி ஒத்திலியாவிடமே ஆணியைக் கொடுத்தான். அவள் மாட்டிவிட்டுத் தன் பெயரைத் தேடினாள். இல்லை. எலிசெயோ தனியாக நின்றான். அவனுக்குக் கீழே அவள் பெற்ற இரண்டு பிள்ளைகள், தாயில்லாமல் முளைத்த மாதிரி.

"ரத்த சம்பந்தம் உள்ளவங்க மட்டும்தான் அண்ணி. இல்லேன்னா எடம் பத்தாது. வேணும்னா நீங்களும் ஒரு குழாய்ல துப்பிப் பாருங்களேன், யாரு கண்டா!"

"இந்த வீட்டுல மத்தவங்க துப்பினதைத் தொடைக்கவே எனக்கு நேரம் சரியா இருக்கு. நான் வேற துப்பணுமா?"

லியாண்ட்ரோ சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மத்தியானம் ப்ரீஸ்கா ஒரு பெரிய பானையோடு வந்தாள். டிசம்பர் வந்தால் ஊரே செய்வதுபோல அவளும் விடிய எழுந்து சோள மாவுக்குள் கறி வைத்த தமாலே அவித்திருந்தாள், அறுபது. லியாண்ட்ரோ மூடியைத் திறந்தான். அவன் முகம் மாறியது.

"என்ன கறி போட்டே?"

"எப்பவும் போடறதுதான், பன்றி. மாவுலயும் பன்றிக் கொழுப்புதான். ஏன்?"

"ஏனா? அடி பாவி, யூதப் பண்டிகைடி இது! அல்புகர்க்கிலேருந்து நான் கூப்பிட்ட சரித்திர டாக்டரம்மா வேற வர்றாங்க!"

"பண்டிகைக்கு வான்னு சொன்னே, வந்தேன். பன்றி கூடாதுன்னு எங்கே சொன்னே? உனக்கே அது போன மாசம்தானே தெரியும்!"

எலிசெயோ இடையில் புகுந்து ஒரு தமாலேயை எடுத்துக்கொண்டு நல்லாத்தான் இருக்கு என்றான். பானை தோட்டத்துக் கொட்டகைக்குப் போயிற்று.

டாக்டர் ஹால்பெர்ன் மூன்று மணிக்கு வந்தாள். அல்புகர்க்கிப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கிறவள், யூதப் பெண்மணி. பேச்சு குறைவு. அட்டையைப் பார்த்தாள், பாராட்டினாள். பெயர்களும் சதவீதமும் மட்டும் போதாது என்று சொல்லி உட்கார்ந்தாள்.

"அக்கம்பக்கத்து வீடுகள்ல இல்லாத பழக்கம் ஏதாவது உங்க வீட்டுல இருந்துதா?"

லியாண்ட்ரோ தலையைச் சொறிந்தான். "அம்மா மெழுகுவத்தி ஏத்துவாங்க."

"வெள்ளிக்கிழமையா, யூத வீடுகள்ல ஏத்தற மாதிரி?"

"கரண்ட் போனா."

"அம்மா தினம் ஜெபமாலை சொல்வாங்க" என்றாள் ப்ரீஸ்கா. "இந்தப் பள்ளத்தாக்குல அவங்களைவிடப் பெரிய கத்தோலிக்கர் கெடையாது."

டாக்டர் நோட்டை மூடினாள், தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே ஒத்திலியா முட்டைப் பால் பாயசம் காய்ச்சுவதற்காக முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக டம்ளரில் விட்டு, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். நாலாவதைத் தொட்டியில் கொட்டினாள்.

"ஏன் கொட்டினீங்க?"

"ரத்தப் பொட்டு. என் மாமியாரோட பைத்தியம், எனக்கும் ஒட்டிக்கிச்சு."

"வேற என்ன பைத்தியம்?"

கேட்ட விதத்தில் கேலி இல்லை. அதனால் ஒத்திலியா சொன்னாள். மாவைக் கிள்ளி நெருப்பில் போடுவதைச் சொன்னாள். பிறகு துடைப்பத்துக்கு வந்தாள். அதைச் சொல்லும்போது குரல் தானாகவே ஏறியது. டாக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"யூத வீட்டு வாசல் நிலையில வேத வாக்கியம் இருக்கும். அந்த வழியா அழுக்கைத் தள்ளக் கூடாதுன்னு சில குடும்பங்கள்ல சொல்வாங்க. ஸ்பெயின்ல யூதருங்களைக் கட்டாயமா கத்தோலிக்கரா மதம் மாத்தினதுக்கப்புறம் வாக்கியத்தை எடுத்துட்டாங்க. கூட்டற விதத்தை விடலை. ஒண்ணை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா முட்டை, மாவு, தொடப்பம்னு நீங்க மூணு சொல்லிட்டீங்க, மூணும் யூத வீட்டுப் பழக்கம்."

"அத்தைக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். காரணம் சொல்லாமத்தான் குடுப்பாங்க. ரகசியமா யூதப் பழக்கம் வெச்சிருந்தவங்களைப் பாதிரிமாருங்க விசாரிச்சுத் தண்டிச்ச காலத்துல யார் காட்டிக் குடுத்தாங்க தெரியுமா? பெரும்பாலும் வேலைக்காரிங்க. சில சமயம் வெளியேருந்து வந்த மருமகளுங்க."

ஒத்திலியா நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது; இந்த வீட்டில் முதல் தடவையாக அவள் எழுந்திருக்கவில்லை. அழுகை வந்தது, ஆத்திரமும் கூடவே வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கிழவி! மகளுக்குக் கொடுக்காததை எனக்குக் கொடுத்தாயே, அதையாவது அதட்டாமல் கொடுத்திருக்கலாமே! மூன்று வருஷமாகக் கல்லறைக்கு ஒரு பூ கொண்டுபோகவில்லை. அது இப்போது உறுத்தியது.

விஷயம் கூடத்துக்குப் போனதும் லியாண்ட்ரோ செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணி, அண்ணி, மொதல்லேருந்து சொல்லுங்க, வீடியோ எடுக்கறேன்! நம்ம குடும்பப் பழக்கம்!"

ப்ரீஸ்கா மட்டும் கதவோரம் நின்றாள். "எங்கம்மா எனக்கு இதுல ஒண்ணுகூடச் சொல்லித் தரலையே" என்றாள்.

"உனக்குத்தான் தூசு ஆகாதே" என்றாள் ஒத்திலியா. இத்தனை வருஷம் சேர்த்துவைத்த வார்த்தை அது. சொன்ன பிறகு அவ்வளவு ருசியாக இல்லை.

வெளிச்சம் மங்கும்போது விளக்கேற்றினார்கள். டாக்டர் ஜெபம் சொல்ல, ஒருவருக்கும் புரியாமல் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ப்ரீஸ்கா பழக்கதோஷத்தில் சிலுவையும் போட்டுக்கொண்டாள். தமாலே இல்லாததால் ரொட்டியும் பீன்ஸும் பாயசமும் ஓடின. தரையெல்லாம் ரொட்டித் துணுக்கு. ப்ரீஸ்கா, யாரும் சொல்லாமல், மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள். அறுபதை நெருங்கும் வயதில் அந்த வீட்டில் அவள் துடைப்பம் பிடித்தது அதுதான் முதல் தடவை. கூட்டவும் தெரியவில்லை, காற்றில் தூசு கிளம்ப, துணுக்குகளை வாசல் பக்கமாக விரட்டிக்கொண்டு போனாள். மத்தியானம் சொன்ன கதை அவள் காதில் ஏறியிருந்ததே தவிரக் கைக்கு வந்து சேரவில்லை.

"நில்லு!"

எல்லோரும் திரும்பினார்கள். எலிசெயோவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அது அவன் அம்மாவின் குரல்.

"எங்க வீட்டுல அப்படிப் பண்ண மாட்டோம்" என்றாள் ஒத்திலியா.

ப்ரீஸ்கா இருமினாள். பிறகு வாசலுக்குப் போய், அங்கிருந்து உள்ளே பார்த்துக் கூட்டத் தொடங்கினாள். ஒத்திலியா குப்பை முறத்தை எடுத்துவந்து நடு அறையில் மண்டியிட்டு, அவளுக்காகப் பிடித்துக்கொண்டாள்.