நாற்பத்தோராவது வாக்கியம்

“வேகமா! இன்னும் வேகமா! பேசாதே!” என்று டேரல் கத்திய கத்தலில் பக்கத்து மேஜை டச்சுக்காரப் பெண்ணின் பேனா கீழே விழுந்து உருண்டது. நொயெமி தலையைத் தூக்கவில்லை. மேஜை விளிம்பில் எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். இந்தப் பாடத்தில் அவள் கூலிக்காரி, மேஜை விளிம்புதான் பன்றி இறைச்சி ஓடிவரும் பெல்ட். குவாத்தமாலாவின் ஆன்டிகுவா ஊரில் ஸ்பானிஷ் சொல்லித்தரும் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் இதுதான் ஏற்பாடு. ஒரு சின்ன மேஜை, ஒரு டீச்சர், ஒரே ஒரு மாணவர், காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டுவரை. வருகிறவருக்கு எது வேண்டுமோ அதைத்தான் சொல்லித்தர வேண்டும். பதினான்கு வருடத்தில் நொயெமி பல் டாக்டருக்குப் பல்வலிக்காரியாக, பாதிரியாருக்குப் பாவியாக, காதலியைத் தேடி வந்தவனுக்கு அந்தக் காதலியின் அம்மாவாகக்கூட நடித்திருக்கிறாள். பன்றி ஆலைச் சூப்பர்வைசரிடம் வசவு வாங்குவது இதுதான் முதல் தடவை.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் டேரலுடைய ஆலையில் கத்தி பிடிப்பவர்களில் பாதிப்பேர் குவாத்தமாலாக்காரர்கள். அவர்களை மேய்க்க மொழி வேண்டுமென்று கம்பெனியே அவனை மூன்று வாரம் அனுப்பியிருந்தது. கையில் ஒரு காகிதம், அதில் நாற்பது வாக்கியங்கள். கத்தியைத் தீட்டு. கழிப்பறைக்கு இடைவேளையில் போ. நாளை வராவிட்டால் வேலை இல்லை. நாற்பதும் கட்டளை, ஒன்றுகூடக் கேள்வி இல்லை. இவ்வளவுக்கும் டேரல் முரடன் இல்லை. தினமும் வரும் வழியில் அவளுக்கு இனிப்பு ரொட்டி வாங்கிவருவான், வீட்டு நாயின் படத்தைக் காட்டிக் கண் கலங்குவான். கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் நொயெமிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவனை வெறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வெறுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் தம்பி ஒத்தோனியேலும் வடக்கேதான் இருந்தான். வேறு மாநிலம், வேறு ஆலை. நான்கு மாதத்துக்கு முன்னால் எலும்பு அறுக்கும் மெஷின் அவன் வலது கையை இழுத்துக்கொண்டது. முழங்கைவரைக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசியபோது அவன் அழவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “கத்தினேன்க்கா. சூப்பர்வைசர் நாலடியில நிக்கிறான். மெஷினை நிறுத்துற செவப்பு பொத்தான் அவன் கைக்கிட்டயே இருக்கு. என்னைப் பாத்தான். அப்புறம் மேல பாத்தான்” என்றான். மேலே கண்ணாடி அறையில் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்களாம். அவர்கள் தலையசைக்காமல் பெல்ட் நிற்கக்கூடாதாம். அன்றிலிருந்து நொயெமி மீன் நறுக்கும்போதுகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நறுக்குகிறாள்.

கடைசி நாள் காப்பி இடைவேளையில், கூட வேலை பார்க்கும் ருபீலியா அவள் தோளில் இடித்தாள். “என்னடி, உன் பன்னிக்காரர் கத்துற கத்துல என் ஸ்டூடண்டு எனக்கே ‘சரிங்க முதலாளி’ங்குறா!”

“இன்னிக்கு ஒண்ணு புதுசா சொல்லித்தரப் போறேன்” என்றாள் நொயெமி.

“அவரு காகிதத்துல இருக்கா?”

“இல்ல. அதனாலதான்.”

ருபீலியா சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். ஒத்தோனியேலின் கதை பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.

மேஜைக்குத் திரும்பியதும் நாற்பதாவது வாக்கியத்துக்குக் கீழே நொயெமி தன் கையால் ‘மெஷினை நிறுத்து!’ என்று எழுதினாள். மூன்று வாரமாக அவள் மனதில் இருந்தது இது ஒன்றுதான். இந்த ஒரு ஆளாவது இந்த ஒரு வாக்கியத்தை நாக்கில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். அங்கே யாரோ ஒருத்தியின் தம்பிக்குக் கை மிஞ்சும். டேரல் எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்துவிட்டு, குழந்தை தப்பாக எழுதியதைப் பார்த்த மாதிரி புன்னகை செய்தான்.

“இது வேண்டாம், டீச்சர். எனக்கு உதவாது.”

“ஏன் உதவாது?”

“நான் நிறுத்த முடியாது. மேலே கேக்கணும்.” ஒரு விரலால் பள்ளிக்கூட முற்றத்து அவகாடோ மரத்துக்கு மேலே வானத்தைக் காட்டினான்.

நொயெமி பேனாவைக் கீழே வைத்தாள். “யாருக்காவது அடிபட்டிருக்கா? சொல்லுங்க” என்றாள். டேரல் எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து உருட்டினான். மெதுவாக, சொல் சொல்லாகத் தேடிச் சொன்னான். “ஒரு பையன். புதுசு. அவன் கை உள்ள போச்சு. நான் பக்கத்துல நின்னேன். மேலே பாத்தேன்.” எவ்வளவு நேரம் என்று கேட்டாள். “கொஞ்சம்” என்றவன், அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, “அவன் கத்துறது நிக்கிறவரைக்கும்” என்றான். அதன் பிறகு எலுமிச்சம்பழத்தைப் பழைய இடத்திலேயே வைத்தான். அவன் கண்ணில் நீர் இருந்தது. அந்த நீரைப் பார்க்கப் பார்க்க நொயெமிக்கு உடம்பு பற்றி எரிந்தது. மேஜையைத் தூக்கி அவன் மேல் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. நாய்க்கு அழுத அதே கண்ணீர்தானே இதுவும்!

“எந்திரிங்க. வெளிய போய்ப் பேசிப் பழகணும்” என்றாள்.

கடைசிப் பாடம் எப்போதும் வெளியேதான். மற்ற டீச்சர்கள் சந்தைக்குக் கூட்டிப்போய் மாம்பழம் பேரம் பேசச் சொல்வார்கள். நொயெமி அவனை இரண்டு தெரு தள்ளி எவெலியாவின் மாவு மில்லுக்கு இழுத்துப்போனாள். மதியத்து ரொட்டிக்காக, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைக்கப் பெண்கள் பாத்திரங்களோடு வரிசையில் நின்றார்கள். தகரக் கூரை அதிர மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“யாரு நொயெமி, புது மாப்பிள்ளையா?” என்றாள் எவெலியா. பெண்கள் சிரித்தார்கள்.

நொயெமி சிரிக்கவில்லை. “எவெலியாக்கா, இவரு சொன்னாத்தான் நீங்க சுவிட்சை அணைக்கணும்” என்றாள். டேரலிடம் திரும்பினாள். “சுவிட்ச் அவங்க கைல. நான் கையை உள்ள விடுறேன். நீங்க அந்த வாக்கியத்தைச் சொல்லுங்க.” அவன் நடிப்பு என்று நினைத்துத் தலையாட்டினான். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மணிக்கட்டு முங்கும்வரைக்கும் விட்டு, அவன் கத்தியதும் எடுத்துவிடலாம்.

மில்லின் மேல்வாய்க்குள் கையை விட்டாள். சோளம் வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் சுழலும் இரும்பை நோக்கி அது இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் நினைத்ததைவிட வேகமாக.

“சொல்லுங்க.”

டேரல் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

“சொல்லுங்க டேரல்!”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு, தலை தானாகத் திரும்பி, மேலே பார்த்தான். அங்கே கரி படிந்த தகரமும் ஒரு குண்டு பல்பும்தான் இருந்தன. கை போகுமுன் ஒத்தோனியேல் கடைசியாகப் பார்த்த முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நொயெமிக்குத் தெரிந்துபோனது. பயம் போய்விட்டது. வெறிதான் இருந்தது. “சொல்லுடா! நாயே, என்னைப் பாத்துச் சொல்லுடா!” என்று அலறியபடி கையை இன்னும் கீழே அழுத்தினாள். இரும்பு அவள் நடுவிரலைக் கவ்வியது.

வரிசையில் யாரோ பாத்திரத்தைப் போட்டாள். யாருடைய சொல்லுக்கும் காத்திராமல் எவெலியா சுவிட்சை அடித்து அணைத்தாள். மோட்டார் இரண்டு சுற்றுச் சுற்றி முனகி நின்றது. எவெலியா பெல்ட்டைக் கையால் பின்னுக்குச் சுற்ற, ஒரு கிழவி நொயெமியின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, விரல் வெளியே வந்தது. நகம் இல்லை, நுனியும் இல்லை. மில்லின் வாயிலிருந்து இளஞ்சிவப்பாக மாவு ஒரு கட்டி பிதுங்கித் தட்டில் விழுந்தது. “பைத்தியக்காரி, பைத்தியக்காரி” என்று எவெலியா திட்டிக்கொண்டே தன் இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியைக் கிழித்து விரலில் சுற்றினாள். நொயெமிக்கு வலி இன்னும் வந்து சேரவில்லை. அவள் டேரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மெஷினை நிறுத்து!”

தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினான். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. “நிறுத்து! மெஷினை நிறுத்து!” எவெலியா போய் அவன் கையைப் பிடித்து, “நின்னுடுச்சு தம்பி, நின்னுடுச்சு” என்றாள். அவன் கேட்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, முகத்தைத் தகரக் கூரைக்குத் தூக்கி, அந்தப் பல்பைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தான். பாத்திரங்களை இடுப்பில் அணைத்தபடி பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள்.