கண்ணாடி வழியே எண்ணிய புத்தகங்கள்

...அதுவும் கைதட்டச் சொல்கிறார், கைதட்ட! தலை நரைத்த வாத்தியார்களையெல்லாம் உட்கார வைத்து, சரியாகச் சொன்ன டீச்சருக்கு எல்லாரும் ஒரு தட்டு தட்டுங்க என்று மழலையர் வகுப்பு நடத்துகிறார், இந்தப் பயிற்சியாளர் கடைசியாக நிஜமான வகுப்புக்குள் கால் வைத்தது எந்த வருஷம், ஐம்பத்திரண்டு பிள்ளைகளை ஒரு பீரியடாவது கட்டி மேய்த்திருப்பாரா... காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறாம் வகுப்பு டீச்சரான இவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது, மின்விசிறி இவள் தலைக்கு மேல் சுற்றிக் காற்றை வேறு யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது, திரையில் கொட்டை எழுத்தில் 'தகவல் கட்டுரை: வாசிக்கவும் எழுதவும் கற்பித்தல்', ஆளுக்கு இரண்டு பேனா, போய்ப் பார்த்துச் சரிபார்க்க முடிகிற வரிக்கு மஞ்சள், எழுதியவரின் அபிப்பிராயத்துக்கு நீலம், ரொம்பப் பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் இந்த எரிச்சலெல்லாம் தேநீர் இடைவேளைவரைதான், அதற்குப் பிறகு கொடுத்த கையேட்டில் பதினான்காம் பக்கத்தைத் திருப்பியதும் எரிச்சல் கோபமாகிவிட்டது. 'எங்கள் பள்ளி நூலகம். எழுதியவர்: ஆறாம் வகுப்பு மாணவி.' இவள் வகுப்பு. இவள் பள்ளி. மாதிரிக் கட்டுரையாம்.

தினமும் நாங்கள் நூலகத்தில் மகிழ்ச்சியாகப் படிக்கிறோம்... படிக்கிறோமாம்! அந்தப் பெண் முதலில் எழுதி வந்தது இதுவா, எதையும் தோண்டித் துருவிக் கேட்பதால் வகுப்பே அவளை சிஐடி என்றுதான் கூப்பிடும், நூலகம் பூட்டியிருக்கிறது என்றல்லவா அவள் ஆரம்பித்திருந்தாள், சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது, ஜன்னல் கண்ணாடி வழியாக எண்ணினேன், மேல்தட்டில் இத்தனை புத்தகங்கள், கீழ்த்தட்டு அழுக்கில் தெரியவில்லை என்று... பதினோரு வயதுப் பிள்ளை, தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள், இந்த மனிதர் காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்துவது அதைத்தானே. அன்றைக்குத் தலைமை ஆசிரியர் அந்தத் தாளை மேசையில் போட்டுச் சிரித்தார். "என்ன டீச்சர், பிள்ளைய விட்டு பெட்டிஷன் எழுத வைக்கிறீங்களா?" அப்போது வந்திருக்க வேண்டிய கோபம் இது, அப்போது எங்கே போயிருந்தது? "மாத்திடலாம் சார்," என்று இவள்தான் சொன்னாள், இந்த வாயால்தான். மதிய இடைவேளையில் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து, சிவப்பு மையில் வரிவரியாக அடித்து, புதிதாகச் சொல்லி எழுத வைத்தாள். "மிஸ், நாம எப்ப மிஸ் அங்க படிச்சோம்?" "கேள்வி கேக்காம எழுதுடி." எழுதினாள். அன்றிலிருந்து சிஐடி எதையும் கேட்பதில்லை, கையெழுத்து குண்டு குண்டாக, பத்துக்குப் பத்து, எந்தத் தலைப்பு கொடுத்தாலும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன எழுதணும் மிஸ், சொல்லுங்க மிஸ் என்று காத்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு நெஞ்சு வலித்தது, வலிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்ல.

பக்கத்து நாற்காலிக் கணக்கு டீச்சர் முழுப் பக்கத்தையும் மஞ்சளாக அடித்து முடித்திருந்தாள். "எல்லாமே உண்மைதான் மிஸ், நான் சீக்கிரம் முடிச்சிட்டேன், சாப்பாட்டுக்கு முதல் வரிசை நமக்குத்தான்." அடிப்பாவி, நம் பள்ளி நூலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது உனக்குத் தெரியுமா... அதற்குள் பயிற்சியாளர், இதை எழுத வைத்த டீச்சர் இங்கேதான் இருக்கிறார், அவரே வழிமுறையைச் சொல்லட்டும் என்று அறிவித்துவிட்டார், கைதட்டல், முன்வரிசையிலிருந்து தலைமை ஆசிரியர் திரும்பிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார், மைக் கைமாறிக் கைமாறி வந்தது. சொல்லிவிடு, இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை, மெமோ கொடுத்தால் கொடுக்கட்டும், போட்டு உடை... "இதுல இருக்கிறது பொய் சார். பிள்ளை எழுதல. நான்தான் எழுத வச்சேன்."

தலைமை ஆசிரியரின் சிரிப்பு இருந்த இடத்திலேயே காய்ந்தது. ஆனால் பயிற்சியாளர் கோபப்படவில்லை, கிண்டல்கூடச் செய்யவில்லை, வெள்ளைத்தாள் மாட்டிய பலகைப் பக்கம் போய் மஞ்சள் பேனாவின் மூடியைக் கழற்றினார். "அப்போ உண்மை என்னன்னு சொல்லுங்க மேடம், எழுதிக்கிறேன்." வாயைத் திறந்தாள். "மேல்தட்டுல..." எத்தனை? நாற்பத்தொன்றா, பதினான்கா, யாரும் படிக்க முடியாதபடி அந்த எண்ணின் மேல் எத்தனை கோடு கிழித்தோம், பூட்டு இன்னும் தொங்குகிறதா, அந்த ஜன்னல் ஆசிரியர் அறையிலிருந்து எட்டடி, மூன்று வருஷமாகத் தினம் நாலு தடவை தாண்டிப் போகிறாள், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாளா? காலையிலிருந்து பயிற்சியாளர் மேலும் தலைமை ஆசிரியர் மேலும் பாய்ந்துகொண்டிருந்த கோபம் போக்கிடம் தெரியாமல் நின்றது. மைக் இரைந்தது.

"தெரியல சார்," என்றாள். அது யார் எழுதிய சொல் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. "அந்தப் பிள்ளையத்தான் கேக்கணும்." கேட்கலாம், நாளைக்கே முதல் பீரியடில் கேட்கலாம், எத்தனை புத்தகம் எண்ணினாய் என்று... ஆனால் அவள் எண்ணைச் சொல்வாளா, இல்லை, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எத்தனைன்னு எழுதணும் மிஸ் என்று கேட்பாளா...