ஓரின் பூட்டாத ரைஃபிள்

என் தங்கை லவோனின் கணவர் ஓரின், மர அறுப்பு ஆலையில் இருபத்தாறு வருஷம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். ஐடஹோவில் எங்கள் ஊர் முழுக்க அவர் கைக்குப் பேர் உண்டு. போன செப்டம்பரில் ஒரு ரைஃபிளுக்கான உதிரி பாகங்களை வரவழைத்தார். துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்கும் எனக்கு அது பொறுக்கவில்லை.

“மேல்பாதியும் கீழ்பாதியும் உள்பாகமெல்லாம் மாட்டுனபடியே எங்க கடையில இருக்கு மாப்ள. ஆணி மாதிரி ரெண்டு பின்னைத் தள்ளிச் சேத்தா வேலை முடிஞ்சுது. காபி ஆறதுக்குள்ள துப்பாக்கி ரெடி.”

“உனக்குக் கமிஷன் வேணும்னா நேராக் கேளு டுவைட். நீ சொல்றதுக்குப் பேரு வாங்குறது. நான் செய்யப்போறேன்.”

அக்டோபரில் பக்கத்து ஸ்போக்கேன் நகரத்து டாக்டர் அவர் கைநடுக்கத்துக்குப் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். மாப்பிள்ளை பாகங்களைத் திருப்பி அனுப்பவில்லை. சமையலறை மேசையில் துணி விரித்து உட்கார்ந்தார்.

முன்பக்கப் பின்னுக்கு அடியில் போகிற நகத்தளவு ஸ்பிரிங் ஒன்று. ஒவ்வொரு முறையும் அவர் விரலிலிருந்து தெறித்து ஓடியது. லவோன் குளிர்பெட்டிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடி எடுத்துக் கொடுப்பாள். பிடித்துக்கொள்ள அவள் கை நீட்டினால், “தொடாதடி!” என்று கத்துவார். மூன்று வாரம் இப்படியே போனது.

ஒரு நாள் அவர் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது லவோன் போன் செய்தாள். “அண்ணே, அந்த ஒண்ணை மட்டும் மாட்டிட்டுப் போயிடேன். என்னால பாக்க முடியல.”

போனேன். இரண்டு நிமிஷ வேலை. அவசரத்தில் திருப்புளி வழுக்கி, கீழ்பாதியின் விளிம்பில் முடி அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது.

மறுநாள் அவரே கூப்பிட்டார். போனபோது மேசை முன்னால் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“நான்னா கீறாம இருக்க விளிம்புல டேப் ஒட்டிட்டுத்தான் ஆரம்பிச்சிருப்பேன்” என்றார்.

“மாப்ள, நான்...”

“பரவால்லடா. மிச்சத்தையும் நீயே மாட்டிடு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். லவோன் பாத்திரம் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினேன். பாதியில், வேண்டுமென்றே தப்பான ஸ்பிரிங்கை எடுத்துத் தப்பான துளையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே பிழை கண்டுபிடிக்கிற மனுஷன். ‘மடையா, அது அங்கயா போகும்?’ என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா வருது” என்றார்.

நான் அதை மெல்ல வெளியே எடுத்து, சரியானதைத் தேட ஆரம்பித்தேன்.