ஐ.சி.யு.வுக்கு வெளியே ஒன்பது பாட்டு

என் தம்பி ப்ரணவ் இரண்டு வருஷமாக அப்பாவுக்காக ஆல்பம் பண்ணிக்கொண்டிருக்கிறான். ஹிப் ஹாப்தான், ஆனால் எழுந்து ஆடுகிற ரகம் இல்லை. பாதி ஹிந்தி, பாதி வீட்டுத் தமிழ், தாளத்துக்குப் பதில் ஆஸ்பத்திரி மிஷினின் பீப் சத்தம். பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது. மாளவியா நகரில் மொட்டைமாடி அறை ஒன்றில், சுவரெல்லாம் பழைய மெத்தையை ஆணியடித்து, தானே பாடித் தானே பதிவு செய்கிறான். ஒன்பது பாட்டு. பெயர், 'ஐ.சி.யு.வுக்கு வெளியே'. நவம்பர் பன்னிரண்டு, அப்பா போன தேதியில் வெளிவருகிறது. அட்டையிலும் அந்தத் தேதிதான்.

இந்த வருஷம் அப்பாவின் திதி அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. தேதி வேறு, திதி வேறு என்பது டெல்லியில் பிறந்து வளர்ந்த என் தம்பிக்கு மண்டையில் ஏறாது. போன வருஷம் முந்தின நாளே அவனைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டோம்.

இந்த வருஷம் திதியன்று, எங்கள் மயூர் விஹார் வீட்டில் விடிந்ததுமே அம்மா மடியாகச் சமைக்க ஆரம்பித்துவிட்டாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய வாழையிலையை நான் கழுவி வைத்தேன். ஆபீஸில் கெஞ்சி வாங்கிய லீவு. நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவேன் போலிருந்தது. பதினொன்றரைக்கு சாஸ்திரிகள் வந்தார். திதி கொடுக்க வேண்டிய பிள்ளை வரவில்லை.

"அபூர்வா, அவன் எங்க இருக்கானாம்?" என்றாள் அம்மா.

"வந்துண்டிருப்பான்மா."

அவன் போன் அணைந்திருந்தது. ரெக்கார்டிங் என்றால் அணைத்துவிடுவான். காலையிலிருந்து அடித்து அடித்து விரல் ஓய்ந்துபோயிற்று.

ஒன்றரைக்கு சாஸ்திரிகள் எழுந்துகொண்டார். "நேரம் தாண்டிடுத்து மாமி. ஏகாதசியன்னிக்குப் பண்ணிக்கலாம், தோஷமில்லை."

கோபப்படக்கூட அம்மாவுக்குத் தெம்பில்லை. அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். "அப்பா வந்து பார்த்துட்டு வாசலோட திரும்பிப் போயிருப்பார்டீ," என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் இதுதான். பத்து நாள் முன்பே, "தம்பிகிட்ட நீ சொல்லிடு," என்று அம்மா என்னிடம்தான் ஒப்படைத்தாள். நான் சொல்லவில்லை. ஐ.சி.யு.வுக்கு வெளியே ராப்பகலாக உட்கார்ந்திருந்தவள் நான். மருந்துச் சீட்டு, ஆம்புலன்ஸ், டெத் சர்டிபிகேட், எல்லாவற்றுக்கும் அலைந்தவள் நான். பாடிப் பெயர் வாங்குகிறவன் அவன். அவ்வளவு துக்கமிருந்தால் தானாக ஞாபகம் வரட்டுமே என்று இருந்துவிட்டேன். வராவிட்டால் காலையில் ஒரு போன், ஒரு மணி நேரத்தில் வந்து நிற்பான் என்று கணக்குப் போட்டேன்.

நாலு மணிக்கு லாப்டாப்போடு வந்தான். "அம்மா, லாஸ்ட் பாட்டும் முடிஞ்சது. உக்காரு, கேளு." அப்புறம்தான் வெறும் இலைகளைப் பார்த்தான்.

"இன்னிக்கா?"

அம்மா அவனுக்குச் சாதம் எடுக்க உள்ளே போனாள்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்து, என்னைவிடத் தூங்காத முகம். "ஊருக்கெல்லாம் அப்பா அப்பான்னு கத்திண்டிருக்கேன், அக்கா," என்றான். "நீ சொல்லித்தான் இருப்பே. நான்தான் காதுல வாங்கியிருக்க மாட்டேன். இல்லையா?"

சமையலறை வாசலில் அம்மா தட்டோடு நின்றிருந்தாள்.

"ஆமாம்," என்றேன்.