மீனுக்காக வந்தவன்

சனிக்கிழமை மதியம் ஒன்றே காலுக்குக் குளிரறைக் கதவு வெளிப்பக்கம் தாழிடப்பட்டது. உள்ளே மைனஸ் இருபது டிகிரி, நாற்பது டன் மீன், இரண்டு மனிதர்கள். அரைநாள் வேலை முடிந்து எல்லாரும் கிளம்பியாயிற்று என்று நினைத்த மேற்பார்வையாளர் இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இனி அந்தக் கதவு திங்கட்கிழமை காலைதான் திறக்கும்.

மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி, பெட்டிகளைச் சரிபார்த்துச் சீட்டு ஒட்டுகிறவள். அவளுடைய அம்மா இருபது வருடம் ராணுவ லாரி ஓட்டியவள் என்பதால் கிடங்கில் இவளுக்குப் 'பட்டாளம்' என்று பெயர். மற்றவர் சுமைக்காரர். பேரன் எடுத்த வயது; வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து ஒரு மாதம் ஆகிறது. எழுதிக்கொடுத்த புகார் கிணற்றில் போட்ட கல். அபாய மணியைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. தள்ளுவண்டி இடிக்கும்போதெல்லாம் அலறி உயிரை வாங்குகிறது என்று அதன் ஒயரைப் பிடுங்கியவர் இதே சுமைக்காரர். ஏணியைப் பிடித்துக்கொண்டவள் இதே பட்டாளம். போன்கள் இரண்டும் வெளியே அலமாரியில் இருந்தன.

சுமைக்காரர் கதவைக் குத்தினார், உதைத்தார், "காப்பாத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒரு சாண் கனக் கதவு. பிறகு பெட்டி வரிசைகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்தார்.

"அண்ணே, ஓடாதீங்க! வேர்த்துடும். சட்டை நனைஞ்சு குளிர்ல விறைச்சா அப்புறம் சூடே ஏறாது."

"சும்மா நின்னா மட்டும் மெடல் குத்துவாங்களா, பட்டாளம்?"

"முதல்ல இந்த அட்டைமேல ஏறி நில்லுங்க. தரை உங்க சூட்டை உறிஞ்சுது."

அவர் முணுமுணுத்தபடி ஏறி நின்றார். அவள் காலிப் பெட்டிகளைக் கிழித்து அவருடைய கோட்டுக்குள் முன்னும் பின்னும் செருகினாள். அது ஒரு மணி நேர வேலைக்குக் கொடுத்த கோட்டு. இரண்டு நாளைக்குத் தாங்காது. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"நம்மளத் தேடி யாராவது வருவாங்கல்ல?" என்றார்.

"நமக்காக யாரும் வரமாட்டாங்கண்ணே."

சொன்னது அவள் குரல், வாக்கியம் அம்மாவுடையது. அம்மாவின் லாரி ஒருமுறை மலைப்பாதையில் பனிக்குள் புதைந்தது. ஆறு பேர் மாட்டியிருக்கிறோம் என்று இரண்டு நாள் வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். காத்திருங்கள் என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் அம்மா, மண்ணெண்ணெய் பீப்பாய்கள் ஒழுகுகின்றன என்றாள். நான்கு மணி நேரத்தில் மீட்பு வண்டி வந்து நின்றது.

ஓய்வு பெற்றபின் அம்மா இதை மகளுக்குப் பாடமாக வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பின்னறையில் போட்டுப் பூட்டுவாள். கூடத்தில் பேப்பர் படிக்கும் அப்பாவை எழுந்து வரவைக்க வேண்டும், அதுதான் பரீட்சை. ஒன்பது வயதுப் பெண் அழுதாள், கெஞ்சினாள், வயிறு வலிக்கிறது என்று புளுகினாள். "அம்மா திறப்பா, இரு" என்று அப்பா பக்கத்தைத் திருப்பினார். நான்காவது ஞாயிறு, "அப்பா, உங்க ரேடியோ கீழ விழுந்துடுச்சு!" என்றாள். மனிதர் வேட்டி தடுக்க ஓடி வந்தார். அன்றைக்கு அப்பாவை வெறுத்தாள். அம்மாவை அதைவிட அதிகமாக.

இப்போது சுவரை அண்ணாந்து பார்த்தாள். கூரைக்குக் கொஞ்சம் கீழே விரல் நீளக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அறையின் சூட்டை அளக்கும் கம்பி.

"அண்ணே, அந்தக் கம்பி சூடானா மெக்கானிக்கோட போன் தானா அடிக்கும். மீன் கெட்டுப்போகுதுன்னு நினைச்சு ஓடி வருவான்."

"நாம சாகறோம்னு அடிக்காதா?"

"அதுக்கு வெச்ச மணியைத்தான் நாம பிடுங்கிட்டோம்."

சுமைக்காரர் கம்பிக்குக் கீழே பெட்டிகளை அடுக்கினார். அவள் ஏறினாள். வெறுந்தோல் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கம்பியில் கைக்குட்டையைச் சுற்றி, கோட்டைத் திறந்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கத்தி செருகியது போலிருந்தது. கதவைத் திறந்து மூடுகிற நேரத்துக்கெல்லாம் தொந்தரவு வேண்டாம் என்று, சூடு அரை மணி நேரம் நிலைத்தால்தான் போன் அடிக்கும்படி வைத்திருந்தார்கள். நடுவில் கம்பி குளிர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

பத்து நிமிடத்தில் தோள் மரத்தது. இருபதில் முழங்கால் உதறியது. சுமைக்காரர் கீழே நின்று அவள் கால்கள் இரண்டையும் தூணைக் கட்டுவதுபோலக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஏறட்டுமாம்மா?"

"மாத்தறதுக்குள்ள ஆறிடும்ணே. பேச்சு குடுங்க. தூக்கம் வருது."

"உங்கம்மா வேற என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

"அழுதா முகத்தைத் துடைக்கச் சொன்னாங்க. ஈரம் ஆகாதாம்."

"மகராசி! எங்கம்மா சாப்பிட மட்டும்தான் சொல்லிக் குடுத்துச்சு. அதுல நான் முதல் மார்க்கு."

அவள் சிரிக்கப் போய்ப் பல் தந்தியடித்தது. அம்மாவுக்குத் தன்மேல் பாசமே கிடையாது என்று அவள் வெகுகாலம் நம்பியிருந்தாள். பெட்டிமேல் நின்றபடி அதை வாபஸ் வாங்கினாள்.

கதவு திறந்தபோது மணி மூன்றாகப் போகிறது. சாப்பாட்டுக் கை காயாத மெக்கானிக், யாரையோ வைதுகொண்டே உள்ளே பாய்ந்து, நேராக மீன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான்.

"சரக்கு கெட்டுப்போச்சா?"

"சரக்கு கல்லு மாதிரி இருக்குப்பா. நாங்கதான் இன்னும் கொஞ்ச நேரத்துல சரக்காயிருப்போம்" என்றார் சுமைக்காரர். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார். பட்டாளம் அவர் முகத்தைத் துடைத்து, கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தாள். மெக்கானிக் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான்.

அது வருவதற்குள் வெயிலில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம்?"

"ஒன்றரை மணி நேரத்துக்கு மேல."

"விரல் எந்த நிறத்துல இருக்கு?"

"வெள்ளையா. ரெண்டு விரல் உணர்ச்சியே இல்ல."

"தேய்க்காதே. வெதுவெதுன்னு தண்ணி, கொதிக்கக் கூடாது. அந்தப் பெரியவருக்கும்."

மெக்கானிக் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். சுமைக்காரர் கையை விட்டு, "ஸ்ஸ்" என்றார்.

"அம்மா..." என்றாள் அவள். "நீ சொல்லிக் குடுக்கலேன்னா நான் இன்னிக்கு இல்ல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். ராணுவத்தில் இருபது வருடம், வீட்டில் இருபத்தைந்து வருடம். அம்மாவிடமிருந்து அந்தச் சத்தத்தை மகள் கேட்டதே இல்லை.

"போனை வைடி" என்றாள் அம்மா. "ரெண்டு கையும் தண்ணில இருக்கணும்."