ஜுரம் விட்டுவிட்டது

கடப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏசுதாஸுக்கு அன்று காலை வாயெல்லாம் பல். மூன்று நாளாக அனலாய்க் கொதித்த மனைவி பாப்பாவின் உடம்பு சில்லென்று ஆகியிருந்தது. மீன் ஆயும்போது கட்டைவிரலில் கெளுத்தி முள் ஏறி வந்த காய்ச்சல். சபையில் கொடுத்த ஜெப எண்ணெயை இரண்டு வேளை தடவியதற்கே கேட்டுவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுத்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தான்.

"ஜுரம் வுட்டுச்சு சிஸ்டர். வெரலுக்குக் கட்டு மட்டும் போட்டு அனுப்புங்க."

நர்ஸ் ஜாக்குலின் விரலைப் பார்க்கவே இல்லை. பாப்பாவின் மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணினாள். ஒரு நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு மூச்சு, இருக்கவேண்டியதைப் போல இரண்டு மடங்கு.

"அக்கா, இன்னிக்கி இன்னா கெழம?"

"கெளுத்தி," என்றாள் பாப்பா.

ஏசுதாஸ் சிரிக்க வாயெடுத்தான். ஜாக்குலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"ஜுரம் வுடல அண்ணா. ஒடம்பு தோத்துகினு கீது."

பிரஷர் எண்பதுதான் இருந்தது. டாக்டர் மானசா ஓடி வந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள், கிருமிக்கான மருந்தை நரம்பில் ஏற்றினார்கள், இரண்டு கையிலும் சலைன் ஓடியது. சிறுநீருக்குக் குழாய் போட்டுக் கட்டிலடியில் ஒரு பையைத் தொங்கவிட்டார்கள்.

"கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. அத அடிக்கப் போய் உடம்பு தன்னையே அடிச்சுக்குது," என்றாள் மானசா. "கைகாலுக்கு ரத்தம் போகல, அதான் சில்லுனு இருக்கு. இந்தப் பையில சிறுநீர் இறங்கணும். இறங்கலன்னா கஷ்டம்."

சாகப் போகிறவளைத் தொட்டுப் பார்த்து நானா சந்தோஷப்பட்டேன் என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். இரண்டு பாட்டில் உள்ளே போனது. பை காலியாகவே கிடந்தது. மூன்றாவதும் போனது. ஜெபம் பண்ணலாம் என்றால் ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை.

பன்னிரண்டரை மணிக்குக் குழாயில் மஞ்சளாக ஒரு துளி நகர்ந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. பிறகு நூலாக இறங்கத் தொடங்கியது.

பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்தவன், எதன் முன்னாலும் இப்படி வாயடைத்து நின்றதில்லை. இவள் இடுப்புக்குள் இரண்டு சிறுநீரகம் நாற்பத்தாறு வருஷமாக ஒரு நாள் லீவு போடாமல் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. கூடவே படுத்தவனுக்கு அது தெரியவில்லை. அந்தப் பையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, "ஸ்தோத்திரம்," என்றான். மனசு தாங்காமல் கத்தியும் விட்டான்.

"சிஸ்டர்! ஒண்ணுக்கு வந்துகினு கீது!"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஓடி வந்த ஜாக்குலின், "இன்னும் ரெண்டு நாள் தாண்டணும் அண்ணா," என்றாள். ஆனாலும் அவள் முகம் மலர்ந்திருந்தது.

பாப்பாவின் இமை லேசாகத் திறந்தது.

"இதப் போயி... ஊருக்கே கேக்கறாப்புல கத்துவியா? மானம் போவுது."

ஏசுதாஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.