டேப் கிழிக்கும் சத்தம்

எனக்குப் பாம்பு பிடிக்கும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிறவள் நான். ஆனால் சாக்கடை ஓரம் கிடந்த ஒரு சாக்கு மூட்டையைச் சுற்றி ஆறு ஆம்பளைகள் அரிவாளோடு நின்றபோது எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே நான்கு மீட்டர் மலைப்பாம்பு. அசையக்கூடத் தெம்பில்லை. வாயைச் சுற்றிக் கண்ணாடி டேப், டேப்புக்கு அடியில் சீழ். இதை வெட்ட ஆறு பேர்!

அந்தப் பாம்பை எனக்குத் தெரியும். எங்கள் சலாத்திகா ஊரில் அதைத் தெரியாதவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பாக்யோ என்றொருவன் அதைக் 'கடலரசி' என்று சொல்லி, வருகிறவர் தோளிலெல்லாம் போட்டுப் படம் எடுத்துக் கொடுப்பான். முந்தின வருஷம் நானும் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு சாது பாருங்கள் என்று அன்றைக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னவளும் நான்தான். படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தேன். மூட்டையைப் பார்த்துவிட்டு வந்து அந்தப் படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். தாடையில் ஒரு சின்ன மினுக்கம். இத்தனை நாளும் அதை வெயில் என்றே நினைத்திருந்தேன்.

வெட்ட நின்றவர்களிடம், பாம்பை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். எங்கள் தெருத்தலைவர் சுகெங், மரியாதையாகப் 'பாக்' என்போம், கெட்டவர் இல்லை, ஆனால் சட்டம் பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. வைத்துக்கொள்ளலாமாம், ஆனால் வாயைக் கட்டித்தான் வைக்க வேண்டுமாம்.

"முதல்ல உங்க வாயைக் கட்டிக்கிட்டு ஒரு நாள் இருந்து காட்டுங்க பாக். அப்புறம் அதுக்குக் கட்டுறேன்" என்றேன். அன்றோடு அவர் என் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திக்கொண்டார்.

சுருண்டு கிடந்ததைப் பார்த்து அதற்கு லெம்பர் என்று பேர் வைத்தேன். வாழையிலையில் சுருட்டின லெம்பர் பலகாரத்துக்குள்ளும் கோழிதான், இதற்குள்ளும் கோழிதான். கால்நடை மருத்துவர் டேப்பை நனைத்து நனைத்து உரித்தெடுத்தார். மருந்துத் தண்ணீரால் தினமும் வாயைக் கழுவச் சொன்னார். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். கூண்டைத் திறந்ததும் கையை விடக்கூடாது. ஒரு கம்பால் உடம்பை மெல்லத் தொட வேண்டும். கம்பு தொட்டால் இரை இல்லை, வருவது கை என்று பாம்புக்குப் பழகிவிடும். இரண்டு மாதத்தில் லெம்பர் அதைக் கற்றுக்கொண்டது.

ஆனால் சில நாள் அதற்கு என்ன வருமோ தெரியாது. மூக்கில் ரத்தம் வரும்வரை கம்பிவலையில் மோதும். என் இடது கையை இரண்டு முறை பிடுங்கியது. இது தேறாது போலிருக்கிறது என்று மருத்துவரே சொல்லிவிட்டார். நான் அழுதேன், கோபத்தில்தான்.

அப்புறம் நோன்பு முடிந்து லெபாரான் பெருநாள் வந்தது. நான் வீட்டு உடுப்புகள் தைத்துப் பார்சலில் அனுப்புகிறவள். கூரியர்காரர்களுக்குப் பத்து நாள் விடுமுறை, எனக்கும் வேலையில்லை. அந்தப் பத்து நாளும் லெம்பர் ஒருமுறைகூட மோதவில்லை. என் மடியில் தலை வைத்துக் கிடந்தது. பதினோராம் நாள் முதல் பார்சலை எடுத்து வைத்து டேப்பை இழுத்தேன், கிர்ர்ரென்று. கூண்டே ஆட்டம் கண்டது. திரும்பிப் பார்த்தால் தலையை உடம்புக்கடியில் புதைத்துக்கொண்டிருக்கிறது.

அடிப் பாவி, ஏழு மாதமாக அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேப் கிழித்திருக்கிறேன். பாம்புக்கு அந்தச் சத்தம் அவ்வளவாகக் கேட்காது, பசையின் வாசனையாக இருக்கும் என்றார் மருத்துவர். எதுவோ, அதற்குத்தான் தெரியும்.

மறுநாளே பார்சல் வேலையைத் தெருமுனைக் காவல் கொட்டகைக்கு மாற்றினேன். கட்டி முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். வீட்டைப் பாம்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேனா என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். உங்களுக்கு எழுதுவதற்கு அது எவ்வளவோ மேல் என்றேன். பொதுக் கொட்டகையில் சொந்த வேலை பார்க்கக்கூடாது என்று சுகெங் மூன்று முறை ஆள்விட்டார். நான் நகரவில்லை.

ஆகஸ்ட் பதினேழு சுதந்திர விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாக்யோ வந்தான். லெம்பர் தேறிப் பளபளவென்று இருக்கும் சேதி யார் மூலமோ எட்டியிருக்கிறது. விழாவில் படம் பிடிக்கக் கூட்டம் அம்முமே! சுகெங்கையும் கையோடு கூட்டிவந்திருந்தான். வாசலில் தெருவே நின்றது. கூண்டைக் கழுவிக்கொண்டிருந்ததால் லெம்பர் என் தோளில் கிடந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பாக்யோ சுவரைக் காட்டினான்.

"இந்தா, படமே இருக்கே. நான் எடுத்த படம், என் பாம்பு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் பாக்?"

சுகெங் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொந்தக்காரனிடம் கொடுத்துவிட்டால் தெருவுக்கும் நிம்மதி என்றார். ஆமாம், அவன் பாம்புதான். படத்தில் நான்தான் நிற்கிறேன். எதை இல்லை என்பேன்?

"சரி, கொண்டுபோங்க. எப்படிக் கொண்டுபோவீங்கன்னு எல்லார் முன்னாடியும் காட்டுங்க" என்றேன்.

அவன் பையிலிருந்து டேப்பை எடுத்தான். நான் தடுத்திருக்கலாம். என்ன நடக்கும் என்று தெரிந்தே பேசாமல் நின்றேன். லெம்பர் என்னை மன்னிக்கட்டும்.

கிர்ர்ர்.

லெம்பர் என் தலைத்துணிக்குள் முகத்தை நுழைத்துப் பிடரியில் ஒட்டிக்கொண்டது. உடம்பு என் நெஞ்சைச் சுற்றி இறுகியது. வாய் கழுத்தோரம்தான் இருந்தது, கடிக்கவில்லை. மூச்சை இழுக்க முடியவில்லை எனக்கு. வாசலில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"வாலைப் பிடிங்க பாக்" என்றேன். "வால்லேருந்து சுத்தை எடுங்க."

எட்டு மாதமாகப் பத்தடி தள்ளி நின்ற மனிதர், வந்தார். இரண்டு கையாலும் வாலைப் பிடித்து ஒவ்வொரு சுற்றாக எடுத்தார். நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

"இது நடுங்குது" என்றார். என்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

"அது அப்படித்தான் பாக். வாயைக் கட்டிட்டா அடங்கிடும்" என்றான் பாக்யோ.

சுகெங் வாலை விடாமலே திரும்பினார்.

"சீழ் பிடிச்சதும் சாக்குல கட்டிச் சாக்கடையில போட்டியே, அன்னிக்கே உன் சொந்தம் முடிஞ்சுபோச்சு. டேப்பை உள்ள வை. வெளிய போ."

பாக்யோ படத்தைக் காட்டி இன்னும் ஏதோ பேசினான். கேட்க ஆளில்லை. போய்விட்டான். லெம்பர் தலையை வெளியே எடுக்க வெகுநேரம் ஆனது. அதுவரை சுகெங் அதன் பாரத்தில் பாதியைத் தாங்கிக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். வாயைக் கட்டு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிளம்பும்போது, சனியன் பிடித்த அந்தப் படத்தை முதலில் கழற்றுங்கள், அதை வைத்துத்தானே அவன் வம்புக்கு வந்தான் என்றார். இப்போதும் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். கழற்ற மாட்டேன். டேப் ஒட்டின பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு அதில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன்.